வெயில் ஏறினால் காற்றாலை கரன்ட் குறையுமா? 222 கி.மீ. வேகத்தில் ஓடிய ‘லேண்ட் யாட்’ காட்டும் கணக்கு

எஞ்சின் கிடையாது. பாயும் சக்கரமும்தான். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ட்னர் உப்பு ஏரியில் ‘ஹோரோனுக்கு’ என்ற லேண்ட் யாட் மணிக்கு 222.4 கி.மீ. வேகத்தில் ஓடியது. ஓட்டியவர் க்ளென் ஆஷ்பி. அப்போது அடித்த காற்றின் வேகம் 40 கி.மீ. அளவுதான். 2009-ல் ‘கிரீன்பேர்ட்’ வண்டி வைத்த 202.9 கி.மீ. சாதனை அத்தோடு முடிந்தது.

இதுக்கும் விருதுநகருக்கும் என்ன சம்பந்தம்? ராஜபாளையம் நூற்பாலைகள் பலவும் கரன்ட் செலவைச் சமாளிக்க நம்பியிருப்பது காற்றாலைகளைத்தான். அங்கேயும் விளையாடுவது அதே ரெண்டு விஷயம்: காற்றின் அடர்த்தி, தரை.

வெயில் என்ன செய்யும்?

கடல் மட்டத்தில், 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. காற்றாலையின் உற்பத்தித் திறனைப் பொதுவாக இந்த அளவை வைத்துத்தான் சொல்வார்கள். விருதுநகரில் 38 டிகிரி அடிக்கும்போது அது சுமார் 1.12 கிலோவுக்கு இறங்கிவிடும். எட்டு, ஒன்பது சதவீதம் கம்மி. இயந்திரம் முழுத் திறனை எட்டாத நேரங்களில் மின்சாரமும் அதே அளவு அடி வாங்கும். சிவகாசியைப் பட்டாசுக்கு ஏற்ற ஊராக்கிய அதே வெயில்தான்! ஈரக்காற்று கனம் என்று நினைப்போம். உண்மையில் நீராவி கலந்த காற்று இன்னும் லேசு.

லேண்ட் யாட்டுக்கு இந்தப் பாதிப்பு குறைவு. காற்று லேசானால் பாயைத் தள்ளும் விசை குறையும், வண்டியைத் தடுக்கும் காற்றின் எதிர்ப்பும் கூடவே குறையும். குறையாதது சக்கரத்தின் உராய்வு. அதனால் தரைதான் அங்கே எல்லாம். மழையில் ஏரியில் தண்ணீர் தேங்கியதால், அது காய்வதற்காக ஆஷ்பி குழு மாதக்கணக்கில் காத்திருந்தது.

தரை எப்படிக் காற்றாலையைத் தொடும்?

மரம், வீடு, கட்டடம் எல்லாம் தரையோரக் காற்றை இழுத்துப் பிடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அப்படிப் பார்த்தால், வேகம் வெறும் 3% குறைந்தாலே 38 டிகிரி வெயில் செய்யும் நஷ்டம் வந்துவிடும். திறந்தவெளியில்கூட 30 மீட்டர் உயரத்தைவிட 100 மீட்டரில் காற்று சுமார் 18% வேகம், ஆற்றலோ 1.6 மடங்கு.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வந்தது. தொண்ணூறுகளில் முப்பந்தல், கயத்தாறு பக்கம் நட்டவற்றில் பல குட்டையானவை. பழையதை எடுத்துவிட்டு உயரமானதை நிறுத்த 2024 ஆகஸ்டில் மாநில அரசு கொள்கை வெளியிட்டது. கட்டணமும், உபரி மின்சாரத்தை வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதி பற்றிய விதிகளும் ஒத்துவராததால் நூற்பாலைகள் தரப்பு நீதிமன்றம் போனது.

வெயிலைக் குறைக்க முடியாது, உயரத்தைக் கூட்டலாம். தொழில்நுட்பப்படி இதில் சண்டைக்கே இடமில்லை. சிக்கல் நிலத்தில். ஒரு பெரிய இயந்திரத்துக்குத் தேவையான இடத்தில் இன்று நாலைந்து உரிமையாளர்களின் சின்ன இயந்திரங்கள் நிற்கின்றன. யார் நிலம், யாருக்கு எவ்வளவு பங்கு? வழக்கு முடிந்தாலும் இந்தப் பஞ்சாயத்து தனியாக இருக்கு.