லட்டில் உருகுவது எது, கரைவது எது?

பொருள்களின் நிலைமாற்றத்தைக் கற்பிக்கும் பாடம் பெரும்பாலும் பனிக்கட்டியில் தொடங்கி நீராவியில் முடிகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: 2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு.

லட்டுக்கான நெய்யும் சர்க்கரையும் அடுப்பில் நீர்மமாகின்றன. ஆயினும் நெய் உருகுகிறது. சர்க்கரை நீரில் கரைகிறது. உருகுவதற்கு வெப்பம் போதும். கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும். நீரின்றிச் சர்க்கரையை உருக்க ஏறத்தாழ 186 பாகை செல்சியஸ் வெப்பநிலை தேவை. அந்நிலையில் அது சிதைந்து கருகவும் தொடங்கும். இவ்விரு நிகழ்வுகளையும் தமிழ் இரு வினைகளால் பிரிக்கிறது. தெலுங்கின் அன்றாட வழக்கிலோ ‘கருகு’ என்னும் ஒரே வினை இரண்டுக்கும் பொருந்தும். அச்சொல் தமிழின் ‘கரை’ என்பதற்கு உறவு. தமிழின் ‘கருகுதல்’ அன்று.

இதைக் கொண்டு தமிழே அறிவியலுக்கு உகந்த மொழி என்று முடிவு கட்டுவது அவசரம். ஆறிய நெய்யும் உறைகிறது, மோர் ஊற்றிய பாலும் உறைகிறது என்றே தமிழ் கூறும். முன்னது நிலைமாற்றம், சூடாக்கினால் நெய் மீண்டும் உருகும். பின்னது நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அமிலத்தால் பாலின் புரதம் திரள்வது. தயிரைச் சூடாக்கினால் பால் திரும்பாது. இங்குத் தெலுங்கே தெளிவாகப் பிரிக்கிறது: நெய்க்குப் ‘பேருகொனு’, பாலுக்குத் ‘தோடுகொனு’.

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் இவ்வட்டாரத்தில் இருமொழி வழக்கு நீடிக்கிறது. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் மற்றொரு மொழியும் பேசும் குழந்தையின் சொற்களைக் கலப்பு என்று திருத்துவது எளிது. ஆனால், உருகுதலையும் கரைதலையும் ஒரு மொழியிலும், நெய் இறுகுவதையும் பால் தயிராவதையும் மற்றொரு மொழியிலும் பிரித்தறிந்த குழந்தை அது. அந்த அறிவை வகுப்பறையின் வாயிலிலேயே விட்டுவரச் சொல்வது கல்விக்கே இழப்பு.

‘உருகுநிலை’, ‘கரைதிறன்’ போன்ற கலைச்சொற்களும், தெலுங்குப் பாடநூலின் ‘திரவீபவனம்’ என்னும் வடசொல்லும் தேர்வுக்குத் தேவையே என்பர். மறுப்பதற்கில்லை. எனினும் கலைச்சொல் வேறுபாட்டுக்குப் பெயரிடுமே அன்றி, வேறுபாட்டைக் காட்டித் தராது. ஆசிரியர் முதலில் இரு மொழி வினைகளையும் கரும்பலகையில் எழுதி, மூன்று வினாக்களைக் கேட்கலாம்: வெப்பம் மட்டும் போதுமா? வேறு பொருள் சேர வேண்டுமா? பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? விடைகள் கிடைத்தபின் கலைச்சொல்லைத் தரலாம். அப்போது குழந்தை அதை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. ஏற்கெனவே அறிந்த ஒன்றின் பெயராக ஏற்றுக்கொள்ளும்.