லாரி இன்சூரன்ஸ்: மிச்சம் பிடிப்பது எதில்? பலியாவது யார்?

சென்னையிலிருந்து தெற்கே போகும் சரக்கெல்லாம் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுத்தான் போக வேண்டும். மரக்காணத்து உப்பும், வானூர்ப் பக்கத்துக் கருங்கல் ஜல்லியும், முண்டியம்பாக்கத்துக்குப் போகும் கரும்பும், மார்க்கெட் கமிட்டிக்கு வரும் நெல்லும் மணிலாவும் லாரியில்தான் ஏறுகின்றன. இரவு பகல் ஓயாத இந்த ஓட்டத்தில் ஜீவனம் நடத்துவோரும், இந்த ஓட்டத்தில் அடிபட்டு மாய்வோரும் நம் ஜில்லாவில் ஆயிரக்கணக்கானோர்.

ஆயினும், ‘லாரி இன்சூரன்ஸ்’ என்றதும், “அது லாரி முதலாளி பாடு, நமக்கென்ன?” என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒதுங்கிவிடுகிறார்கள். இது சரியல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். லாரியை ஓட்டுகிறவன் நம் தம்பி. கடன் வாங்கிக் குட்டியானை எடுத்துப் பிழைக்கப் பார்ப்பவன் நம் மைத்துனன். அந்த வண்டியிலேயே நாற்றுப் பிடுங்கவும் களை பறிக்கவும் நின்றுகொண்டு போகிறவர்கள் நம் பெண்கள். விபத்து நடந்த மறுநாள் அந்த இன்சூரன்ஸ் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் நிமிர்கிறது, அல்லது தெருவில் நிற்கிறது.

லாரி இன்சூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். லாரி மோதிச் செத்தவருக்கும் காயமுற்றவருக்கும் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கானது இது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவின்படி இது இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. மற்றொன்று சொந்தச் சேத இன்சூரன்ஸ். லாரியே நொறுங்கினாலோ, எரிந்தாலோ, களவு போனாலோ கிடைப்பது. இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர் விடமாட்டார்.

முதல் பகுதிக்கான கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய சர்க்கார். 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதத்தைப் பாருங்கள். சரக்குடன் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு வருஷத்துக்கு 16,049 ரூபாய். 7,500க்கு மேல் 12,000 கிலோ வரை 27,186 ரூபாய். 20,000 கிலோ வரை 35,313 ரூபாய். 40,000 கிலோ வரை 43,950 ரூபாய். அதற்கும் மேலே 44,242 ரூபாய்.

இந்தக் கணக்கிலேயே வர்க்க நியாயம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இரண்டு டன்னுக்கும் குறைந்த மொத்த எடையுள்ள குட்டியானையை வைத்துக் கத்தரிக்காயும் வாழைத்தாரும் ஏற்றிப் பிழைக்கிறவன் கட்டுவது 16,049 ரூபாய். ஏழரை டன் வண்டி வைத்திருப்பவர் கட்டுவதும் அதே 16,049தான். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட ராட்சத வண்டிகளை வரிசையாக ஓட்டும் பெரிய கம்பெனி ஒரு வண்டிக்குக் கட்டுவது அதைப் போல மூன்று மடங்குகூட இல்லை. ஆனால் அந்த வண்டி சுமக்கும் சரக்கோ இருபது மடங்குக்கும் மேல். விபத்தின் அபாயம் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை என்று கம்பெனிகள் வாதாடலாம். அது உண்மையே. ஆனால் வருமானம் ஏறுகிறதே! ஒரே வண்டிக்காரனுக்கு நாளொன்றுக்கு 44 ரூபாய், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிறது. மழைக்காலத்தில் வண்டி ஷெட்டில் நிற்கும்போது அந்த 44 ரூபாய் அவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்துதான் போகிறது.

இதன் மேல் வரி வேறு. மூன்றாம் நபர் கட்டணத்தின் மீது 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., சரக்கு வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 35,313 ரூபாய் கட்டும் வண்டிக்கு இதனால் மிஞ்சுவது ஏறக்குறைய 2,470 ரூபாய். குறைத்தது நல்லதே. ஆனால் கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டு, அந்தக் கட்டாயத்தின் மீதே வரியும் வசூலிப்பது என்ன நியாயம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கட்டணத்தைக் குறைக்கக் கோரி 2017 மார்ச் 30 முதல் தென் மாநிலங்களிலும், 2018 ஜூலை 20 முதல் எட்டு நாட்கள் நாடு முழுவதும் லாரிகள் நின்றன. சிறு உடைமையாளரின் மனக்குமுறலை நாம் அறிவோம். ஆனால் ஒரு விஷயத்தில் நமது நிலை தெளிவானது. கட்டணத்தைக் குறைக்கிறோம் என்ற பெயரில், செத்தவன் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டில் கை வைக்க விட மாட்டோம். 2016இல் வந்த மோட்டார் வாகனத் திருத்த மசோதாவில் இந்த உபாயத்தைத்தான் கையாளப் பார்த்தார்கள். ஒரு மரணத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு 10 லட்சம் ரூபாயோடு தீர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் தீர்ப்பானால் யார் கொடுப்பது? லாரிக்காரன் தலையில்தான் விழும். அவனிடம் இல்லாவிட்டால் விதவை கையில் வெறும் தீர்ப்புக் காகிதம்தான் மிஞ்சும். எதிர்ப்பு எழுந்ததால் அந்த உச்சவரம்பு கைவிடப்பட்டது. மறுபடியும் எந்த உருவத்தில் வந்தாலும் லாரிக்காரரும் தொழிலாளியும் சேர்ந்தே அதை எதிர்க்க வேண்டும்.

இப்போது நமக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறோம். சரக்கு வண்டியில் ஏறிப் போகிற விவசாயத் தொழிலாளிக்கு இந்த இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டா? இல்லை என்பதே கசப்பான உண்மை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்லும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதி வைத்துவிட்டது. சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய பிரதிநிதியும் வண்டியில் போனால் பாதுகாப்பு உண்டு. மூட்டைக்குச் சொந்தக்காரனுக்கு உண்டு, நாற்று நடப் போகிற நாற்பது பெண்களுக்கு இல்லை! விவசாய வேலைக்கென்று இன்சூர் செய்த டிராக்டரின் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிப் போனாலும் கதை இதுதான்.

ஏன் ஏறுகிறார்கள்? ஆசையாலா? விடியற்காலை ஐந்து மணிக்குப் பத்து மைல் தள்ளியுள்ள வயலுக்குப் போய்ச் சேர பஸ் இல்லை. இருந்தாலும் கூலியில் பாதி டிக்கெட்டுக்குப் போய்விடும். ஆளுக்கு இவ்வளவு என்று பேசி வண்டி அனுப்புகிறவர் மேஸ்திரி. அவருக்குப் பின்னால் இருப்பவர் மிராசுதார். விபத்து நடந்தால் இருவரும் காணாமல் போய்விடுகிறார்கள். கம்பெனி சட்டப் பிரிவைக் காட்டுகிறது. ஒற்றை வண்டி வைத்திருப்பவனோ தானே கடன்காரன். ஆகவே, ‘லோடு வண்டியில் ஏறாதே’ என்று உபதேசம் செய்வது மட்டும் போதாது. ஏற வேண்டிய நிலையை மாற்ற வேண்டும்.

லாரி வைத்துப் பிழைக்கும் நம் உறவினருக்கும் சில வார்த்தைகள். மிச்சம் பிடிக்க வழி உண்டு. ஆனால் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடியுங்கள்.

ஒன்று, மூன்றாம் நபர் கட்டணம் சர்க்கார் நிர்ணயித்தது. அதைவிடக் குறைத்துத் தருகிறேன் என்று எந்தத் தரகன் வந்தாலும் அவனை நம்பாதீர்கள். போலிப் பாலிஸி ஆயுளையே அழித்துவிடும். காகிதம் கையில் வந்ததும் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுச் சரிபாருங்கள்.

இரண்டு, பேரம் பேச இடமிருப்பது சொந்தச் சேதப் பகுதியில். 2007 ஜனவரி 1 முதல் அதன் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. பைனான்ஸ் ஆபீஸில் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியில் வேண்டுமானாலும் எடுக்கலாம். கடன் கொடுத்தவர் பெயர் அதில் பதிவாகியிருந்தால் போதும். நான்கு சர்க்கார் கம்பெனிகள் உட்பட மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள்.

மூன்று, ஒரு வருஷம் நஷ்டஈடு கேட்காவிட்டால் அடுத்த வருஷம் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவீதம் சலுகை. அது 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருஷம் 50 சதவீதமாகும். உதாரணமாக, அந்தப் பகுதிக்கு 20,000 ரூபாய் கட்டணமானால் ஐந்தாம் வருஷம் 10,000 ரூபாய் மிஞ்சும். மூவாயிரம் ரூபாய் பம்பர் நசுங்கலுக்குக் கிளெயிம் போட்டுப் பத்தாயிரத்தை இழக்காதீர்கள். இந்தச் சலுகை உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. வண்டியை விற்று வேறு வாங்கினாலும் அது உங்களோடு வரும். பாலிஸி முடிந்து 90 நாள் தாண்டினால் போய்விடும்.

நான்கு, கட்டணம் குறையட்டும் என்று வண்டியின் மதிப்பைத் தாழ்த்திப் போடாதீர்கள். முழுச் சேதமானால் அந்தத் தாழ்ந்த மதிப்பே கிடைக்கும். கடன் மட்டும் முழுசாக நிற்கும்.

ஐந்து, டிரைவர், கிளீனர், ஏற்றி இறக்கும் ஆட்கள் ஆகியோருக்கான பொறுப்பையும் பாலிஸியில் சேருங்கள். அதற்கான கூடுதல் கட்டணம் சொற்பம். இந்தச் சொற்பத்தை மிச்சம் பிடிப்பது உழைப்பாளியின் உயிரை அடகு வைப்பதாகும். டிரைவராக இருக்கும் தோழர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் பாலிஸியில் இந்த வரி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறு, எப்.சி., பர்மிட், லைசென்ஸ் மூன்றையும் தேதி தவறாமல் வைத்திருங்கள். பணம் கொடுக்க மறுப்பதற்குக் கம்பெனி தேடும் ஓட்டைகள் இவைதான். ஒரு நல்ல செய்தியும் உண்டு. இலகு ரக வண்டி லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன பெஞ்ச் உறுதி செய்துவிட்டது. இதைக் காட்டிக் கம்பெனி கை விரித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடிபட்டவர் குடும்பங்களுக்கும் சொல்கிறோம். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் காயச் சான்றையும் வாங்குங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிடுங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கும் வழி 2022 ஏப்ரல் 1 முதல் உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் சர்க்கார் திட்டத்தில் உண்டு. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் மாநிலத் திட்டம் 2021 டிசம்பர் 18இல் இதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் துவக்கி வைக்கப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “கேஸை நான் நடத்துகிறேன், வருவதில் பாதி எனக்கு” என்று சொல்லும் தரகரிடம் சிக்காதீர்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.

கடைசியாக, இந்தப் பணமெல்லாம் யார் கைக்குப் போகிறது? 1973 ஜனவரி 1 முதல் 107 தனியார் கம்பெனிகள் தேசியமயமாகி நான்கு சர்க்கார் கம்பெனிகளாயின. அவற்றில் ஒன்றின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஜனங்களின் பணம் ஜனங்களின் காரியத்துக்கே என்பதுதான் அதன் பொருள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார் மறுபடி நுழைந்தனர். அன்னிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவீதம், 2015இல் 49, 2021இல் 74 என்று கதவு அகலத் திறந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 100 சதவீதம் என்றே அறிவித்தார்கள். சர்க்கார் கம்பெனிகளிலேயே அரசின் பங்கை 51 சதவீதத்துக்குக் கீழே இறக்க 2021இல் சட்டம் செய்தார்கள். லாபவேட்டைக்காரன் கையில் பெட்டி போனால், விழுப்புரத்து விதவையின் மனு அவனுக்கு ஒரு செலவுக் கணக்காக மட்டுமே தெரியும்.

எனவே நாம் கோருவது இவை: சின்னஞ்சிறு சரக்கு வண்டிகளுக்குத் தனிப் படிக்கட்டு வகுத்துக் கட்டணத்தைக் குறை! கட்டாய இன்சூரன்ஸ் மீதான வரியை அறவே நீக்கு! வேலைக்கு அழைத்துச் செல்லப்படும் விவசாயத் தொழிலாளி எந்த வண்டியில் போனாலும் பாதுகாப்புக் கொடு, அதற்கான கட்டணத்தை அழைத்துச் செல்பவரிடம் வசூலி! நடவு, அறுவடைக் காலங்களில் விடியற்காலை பஸ் விடு! நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கூடாது! சர்க்கார் இன்சூரன்ஸ் கம்பெனிகளை விற்காதே!

லாரிக்காரனையும் லாரியில் அடிபட்டவனையும் மோத விட்டு வேடிக்கை பார்ப்பது கம்பெனிகளுக்கு லாபம். இருவரும் ஒரே கிராமத்தவர், ஒரே வறுமைக்குப் பிறந்தவர். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், ஆலைச் சங்கங்களும், டிரைவர், கிளீனர் தோழர்களும், சிறு வண்டிக்காரர்களும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து இந்தக் கோரிக்கைகளை விவாதிக்கட்டும். தங்கள் கிராமத்திலிருந்து தினமும் எத்தனை பேர் லோடு வண்டியில் வேலைக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொரு கிளையும் கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குத் திரண்டு செல்வோம்!