சொட்டுநீர் போட்டாச்சு... மண்ணை மூடியாச்சா?

அக்னி நட்சத்திர நாட்களில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும், திருவண்ணாமலையில் தரை எப்படிச் சுடும் என்று. அதே வெயில்தான் செங்கம், கலசப்பாக்கம், போளூர் பக்கத்துப் பழத்தோட்டங்களில், மரங்களுக்கு நடுவே கிடக்கும் வெற்று மண்ணிலும் விழுகிறது. மோட்டார் போட்டுப் பாய்ச்சும் தண்ணீரில் ஒரு பங்கு வேருக்குப் போகாமலே ஆவியாகிவிடுகிறது. கிணறு வற்றுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இதைப் பற்றி பேசுவதே இல்லை.

எவ்வளவு போகும்?

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். தோட்டம் முழுக்க நனைந்திருக்கும் கோடை நாளில் 2 மில்லிமீட்டர் போனாலே 8,000 லிட்டர் காலி. மரம் குடித்த கணக்கு இதில் சேராது.

எப்படிப் போகிறது?

இரண்டு கட்டமாக. மேல்மண் ஈரமாக இருக்கும்வரை வெயில் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும் ஆவியாகும். மேற்பரப்பு காய்ந்துவிட்டால் வேகம் குறையும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட பாசன வழிகாட்டியின்படி, இப்படிக் காய்வது மேலே உள்ள 10 முதல் 15 செ.மீ. மண்தான். அப்படியென்றால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலோட்டமாகத் தண்ணீர் விடுவதுதான் பெரிய வீண். மண் எப்போதும் முதல் கட்டத்திலேயே நிற்கும்.

சொட்டுநீர் போதாதா?

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. வாய்க்காலில் பாய்ச்சி நிலம் முழுக்க நனைப்பதற்குப் பதில், சொட்டுநீர் 30 முதல் 40 சதவீதப் பரப்பைத்தான் நனைக்கிறது என்கிறது அதே வழிகாட்டி. ஆனா, சொட்டு விழும் அந்த இடம் தினமும் ஈரமாகவே இருக்கும். நிழல் பரப்பாத இளங்கன்றுகள் என்றால், அங்கே வெயில் நேராக இறங்கும். அதாவது, பாதிக் கதவைத்தான் சாத்தியிருக்கிறோம்.

மீதிக் கதவு

அதன் பெயர் மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, கடலைத் தொலி என எதுவானாலும் மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்பினால் வெயிலும் காற்றும் மண்ணை நேரடியாகத் தொடாது. கடலையும் கரும்பும் விளையும் இந்த மாவட்டத்தில் இதெல்லாம் தேடி அலைய வேண்டிய பொருளா என்ன? ஆனால் தோட்டத்துச் சருகைக் கூட்டி எரிப்பதைத்தான் இன்னும் 'சுத்தம்' என்கிறோம்.

"கரையான் வருமே" என்பார்கள். நியாயமான பயம்தான். அடிமரத்தைச் சுற்றி ஓர் அடி விட்டுப் பரப்புங்கள். அவ்வப்போது கிளறிப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளும் ஈரத்தைக் காக்கும். ஆனால் செலவு உண்டு, கிழிந்தால் குப்பை. சருகோ மக்கி மண்ணாகும்.

சொட்டுநீர்க் குழாய் பதித்ததைப் பார்க்க அதிகாரிகள் தோட்டத்துக்கு வரத்தான் செய்கிறார்கள். அன்றைக்கே நாலு மரத்தடியில் மூடாக்குப் போட்டுக் காட்டினால் என்ன? தனியாக ஒரு திட்டமோ நிதியோ வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறு அடி இறக்கக் கடன் வாங்கும் விவசாயிக்கு, அதற்கு முன்னாடி சொல்ல வேண்டிய யோசனை இதுதான்.