சொன்ன சாட்சியத்துக்குப் பதில் கேளுங்கள்



இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தும் படிவம் நிரப்பிக்கொடுத்தும் வருகிற ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். பழைய ஆணைக்குழுக்களிடம் மக்கள் சொன்னவற்றுக்குப் பதில் வரும்வரை, புதிய ஆணைக்குழு எதையும் நாம் ஏற்கக்கூடாது.

எங்களிடம் வரும் தாய்மார் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவருவார்கள். மகனின் பாடசாலைக் காலத்துப் படம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழுக்கள் இலக்கம் போட்டுக் கொடுத்த தாள்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். மடித்து மடித்துச் சில தாள்களில் எழுத்தே அழிந்துவிட்டது. எங்கே வைத்துப் பிடித்தார்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தார், வாகன இலக்கம் தெரியுமா என்று ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அந்தத் தாயும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அழுதார்.

2006இல், கடும் மனித உரிமை மீறல்களை விசாரிக்க உடலாகம ஆணைக்குழு வந்தது. திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட 5 மாணவர்கள், மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்கள் ஆகியோரின் வழக்குகளும் அதன் கையில் இருந்தன. அதைக் கண்காணிக்க அழைக்கப்பட்ட சர்வதேச நிபுணர் குழு, விசாரணை உரிய தரத்தில் நடக்கவில்லை என்று சொல்லி 2008இல் விலகியது. அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வர 2015 ஒக்டோபர் ஆயிற்று. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. படையினரிடம் சரணடைந்தபின் காணாமல்போனவர்கள் பற்றி விசாரிக்கவேண்டும் என்று அரசே நியமித்த அந்த ஆணைக்குழு பரிந்துரைத்தது. 2013இல் காணாமல்போனோர் பற்றி விசாரிக்கப் பரணகம ஆணைக்குழு, 2016இல் காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டம். முன்னைய ஆணைக்குழுக்கள் கண்டவற்றை ஆராய்வதற்கென்று 2021இல் மேலும் ஓர் ஆணைக்குழு!

ஆணைக்குழு தீர்ப்பு வழங்குவதில்லை. வழக்குத் தொடரவேண்டியவர் சட்டமா அதிபர். ஆணைக்குழு திரட்டிய சான்றுகளை வைத்தே வழக்குப் போட 2008ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அவருக்கு வழிவிட்டிருக்கிறது. வழி இருந்தும் அந்தச் சான்றுகள் நீதிமன்றத்துக்குப் போகாததுதான் எங்கள் கோபம்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியோரம் போராட்டத்தில் அமர்ந்த பெற்றோரில் பலர் இன்று உயிரோடு இல்லை. 2025இல் செம்மணிப் புதைகுழியில் குழந்தைகளுடையவை உட்பட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கூடவே கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காட்டும்படி மக்கள் அழைக்கப்பட்டார்கள். பிள்ளை அன்று என்ன உடுத்தியிருந்தது என்று அந்தத் தாய்மார் ஆணைக்குழுக்களிடம் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிவுகளை அகழ்விடத்தில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சாட்சிகள் முதுமையடைந்து வருவதால் இது காத்திருக்கக்கூடிய வேலை அல்ல.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒரு பை இருந்தால், எழுத்து முற்றாக மங்குமுன் எல்லாத் தாள்களையும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். முதியவர்கள் சொல்வதைத் திகதியோடு எழுதி ஒப்பம் வாங்குங்கள். பிறகு, கொடுத்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுங்கள்.

தெற்கில் வாழும் சகோதரர்களே, இது உங்கள் கதையும்தான். பட்டலந்த சித்திரவதை முகாம் பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை 1998இல் முடிந்தும் 2025 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும் இப்படித்தான் படியேறி இறங்கினார்கள். உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது அவரிடம் கேளுங்கள்: ஆணைக்குழுக்களிடம் உள்ள சாட்சியங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை சட்டமா அதிபருக்குப் போயின, எதில் வழக்குத் தொடரப்பட்டது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.