கச்சேரிக் கதிரையும் ஊரவர் கதிரையும்

பொன்விழா மலரொன்றிலே கல்லூரித் தாயின் பழம்பெருமையை விரித்துரைக்கும் கட்டுரைகள் பல இடம்பெறுதல் இயல்பே. அவற்றை எழுதுதற்கு எம்மினும் மூத்தோரும் தகுதியுடையோரும் பலர் உளர். ஆதலின், நாம் கல்லூரி மதிலுக்கு வெளியே நிகழும் காரியமொன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். அது பிரதேச செயலகத்தைப் பற்றியது. அதனினும் மேலாக, அச்செயலகத்தைச் சூழ ஊரவர்க்கென்று இடப்பட்டு, இருப்பாரின்றிக் கிடக்கும் கதிரைகளைப் பற்றியது.

நாளேடுகளின் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தை நோக்குவோர் ஒன்றை அவதானித்திருப்பர். பிரதேச செயலாளர் மரக்கன்று நாட்டினார். நடமாடும் சேவையைத் தொடக்கி வைத்தார். டெங்கு ஒழிப்புச் சிரமதானத்திற் கலந்துகொண்டார். முதியோர் தினத்திலே மூத்தோர்க்குப் பொன்னாடை போர்த்தினார் என்றிவ்வாறு செய்திகள் படங்களுடன் வெளிவருகின்றன. இவற்றை எள்ளி நகையாடுவோர் எம்முள் உளர். அவரோடு நாம் உடன்படோம். தீவகத்து முதியவளொருத்தி படகேறிப் பேருந்தேறிப் பல அலுவலகங்களின் படிகளில் ஏறியிறங்க வேண்டிய காரியத்தை, ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒரு பகற்பொழுதினுள் முடித்துக் கொடுப்பது சிறு தொண்டன்று. படம் பிடித்தமையால் அத்தொண்டின் பயன் குறைந்துவிடுவதுமில்லை. எம் குறை வேறு. அப்படங்களிலே உத்தியோகத்தரின் கதிரை ஒன்றே தெரிகின்றது. அருகே இருக்கவேண்டிய ஊரவரோ பார்வையாளராய்ப் பின்னால் நிற்கின்றனர். அல்லது படத்திலேயே இல்லை.

யாழ்ப்பாண மாவட்டத்திலே 15 பிரதேச செயலர் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. கிராம அலுவலர் ஒருவர் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்ப்போமாக. வதிவிடச் சான்று, நற்சான்று, அடையாள அட்டை விண்ணப்பம், வாக்காளர் இடாப்புத் திருத்தம், வெள்ளம் வந்தால் இடம்பெயர்ந்தோர் கணக்கு, வறட்சி வந்தால் நீர் விநியோகக் கணக்கு, அயலவர் இருவர் அடித்துக்கொண்டால் முதல் விசாரணை. இத்தனையும் ஒருவர் தலைமேல். அவர் எத்துணை நேர்மையும் சுறுசுறுப்பும் உடையவராயினும், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்படி நிலையைத் தனியே அறிந்துகொள்ளுதல் எங்ஙனம் இயலும்? மாரி வெள்ளத்தின்போது எந்தக் குடிசையில் நடக்கவியலாத நோயாளி உளர் என்பதை அறிந்தவர் பக்கத்து வளவிலுள்ளவரேயன்றி, கச்சேரிக் கோப்பு அன்று.

முற்காலத்து உத்தியோகத்தரை வியந்து பேசுதல் எம் ஊர்ப் பெரியோரிடையே ஒரு வழக்கம். 1829 இலே யாழ்ப்பாணம் வந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் துரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வடமாகாணத்தின் ஆட்சியிலே கழித்து, 1867 இல் கோப்பாயிற் காலமானார். (அக்கோப்பாயிலுள்ள கலாசாலையிலேதான் எம்போன்ற ஆசிரியர் பலர் பயிற்சி பெற்றோம், ஆயின் டைக் துரை அவ்வூரிலே மறைந்தார் என்பதை அங்கு எமக்கு எவரும் சொல்லித் தந்திலர்.) அவருக்குப் பின் துவைனம் துரை 1869 முதல் 1896 வரை அரசாங்க அதிபராயிருந்தார். இருபத்தேழு ஆண்டுகள் ஒருவர் ஒரே கதிரையில் இருந்தால் ஊரின் ஒழுங்கைகள் யாவும் அவர்க்கு மனப்பாடமாதல் இயல்பே. இன்றைய உத்தியோகத்தரோ ஊரை அறிந்து முடிக்குமுன் இடமாற்றக் கடிதம் பெறுகின்றார்.

அக்காலத்து அதிபர்கள் தாம் நாடோறும் சென்ற இடங்களையும் செய்த காரியங்களையும் நாட்குறிப்பில் எழுதி மேலிடத்துக்கு அனுப்புதல் விதியாயிருந்தது. 1904 இல் இலங்கைக்குப் பயிற்சி உத்தியோகத்தராய் வந்து யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, பின்னர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ப் எழுதிய நாட்குறிப்புகள் நூலாகவும் வெளிவந்துள. உப்பளம், மாட்டு நோய், சேனைப் பயிர், குடிசன மதிப்பு என அவர் ஊரூராய்த் திரிந்து செய்த பணி பெரிது, மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்நாட்குறிப்பு எவர்க்கு எழுதப்பட்டது? கொழும்பிலிருந்த மேலதிகாரிக்கே எழுதப்பட்டது. தம் மாடுகளைப் பற்றி அதிலே என்ன எழுதப்பட்டதென்று அவ்வூர்க் குடியானவன் அறிந்திலன். வுல்பும் அந்த ஆட்சிமுறையில் மனம் கசந்து 1912 இலே பதவியைத் துறந்தார். இன்றைய நாளேட்டுப் படமும் ஒருவகை நாட்குறிப்பே. அதுவும் மேலிடத்தை நோக்கியே எழுதப்படுகின்றதென்பது எம் துணிபு. ஊரவர்க்குக் கணக்குக் காட்டும் நாட்குறிப்பு ஒன்று வேண்டுமெனின், ஊரவர் அக்கூட்டங்களிலே வந்து அமர்ந்தாலன்றி அது தோன்றாது.

1963 இல் விதானைமார் முறை ஒழிந்து கிராமசேவகர் பதவி தோன்றிற்று. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தினால் கச்சேரியின் அதிகாரங்கள் பல பிரதேச செயலாளரிடம் வந்தன. அலுவலகம் ஊருக்கு அண்மையில் வந்தது; ஊரார் அலுவலகத்துக்கு அண்மையில் வந்தனரோ எனின், இல்லை என்றே கூறவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என ஊரவர்க்குரிய இடங்கள் பல உள. இவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்குச் சென்று பார்த்தோர் அறிவர்: வந்திருப்போர் சிலர், அவருள்ளும் பதவி ஏற்க அஞ்சிப் பின்வரிசையில் ஒதுங்குவோர் பலர், ஈற்றிலே பத்தாண்டாய்ச் செயலாளராயிருந்து களைத்துப்போன ஒருவரையே மீண்டும் கெஞ்சிக் கதிரையில் இருத்துவர்.

தெரிவு செய்யப்படும் சபைகளின் நிலையையும் ஈண்டு நினைத்தல் தகும். 2018 பெப்ரவரியிலே தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6 ஆந் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலமும் பிரதேச சபைகள் உறுப்பினரின்றிச் செயலாளர்களாலேயே நடத்தப்பட்டன. குப்பை அள்ளப்பட்டது, வரி அறவிடப்பட்டது. ஆனால் எந்த ஒழுங்கைக்கு முதலில் கல் பரப்புவதென்று விவாதித்து முடிவு செய்ய எவரும் இருந்திலர். இக்குறையை அக்காலத்து உரத்துச் சொன்னவர் எத்தனை பேர் என்பது எம் வினா.

எல்லாவற்றுள்ளும் நாம் விரித்துக் கூற விரும்புவது மத்தியஸ்த சபையைப் பற்றியே. 1958 இலே இணக்க சபைகள் சட்டத்தால் தோன்றிப் பின் மறைந்தன. அவற்றின் வழித்தோன்றலாக, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. இங்கு சட்டத்தரணி இல்லை. கறுப்பு அங்கி இல்லை. பிணக்குற்ற இருவரும் மத்தியஸ்தர் குழாத்திலிருந்து ஆளுக்கொருவரைத் தெரிந்தெடுப்பர். தெரியப்பட்ட இருவரும் மூன்றாமவரைச் சேர்த்துக்கொள்வர். மூவரும் இருந்து கேட்பர். தீர்ப்புக் கூறுதல் அவர் தொழிலன்று. இருதிறத்தாரும் தாமே ஓர் இணக்கத்துக்கு வருமாறு வழிகாட்டுதலே தொழில். இணங்கினால் இணக்கச் சான்றிதழ். இணங்காவிடின் இணங்காமைச் சான்றிதழ் பெற்று நீதிமன்றம் செல்லலாம். மத்தியஸ்தர் சம்பளம் பெறுவதில்லை. வார இறுதியிலே, பெரும்பாலும் பாடசாலை வகுப்பறையொன்றிலே, மாணவர் வாங்கிலிருந்து இப்பணி நடைபெறுகின்றது.

அங்கு வரும் பிணக்குகள் எத்தகையன? வேலி அடைக்கும் காலத்திலே ஒரு கதியால் அரைச்சாண் தள்ளி நடப்பட்டமை, பொதுக் கிணற்றிலே நீர் இறைக்கும் முறை, கைமாற்றாய்க் கொடுத்த காசு, கோயில் வீதியிற் பேசிய வசைமொழி. நகரத்தார்க்கு இவை அற்பமாய்த் தோன்றலாம். ஆயின் அந்த அரைச்சாண் நிலத்துக்காக இரு குடும்பங்கள் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்காய் அலைந்து, ஈற்றிலே நிலத்தின் விலையினும் பன்மடங்கு செலவிட்டமையை அறியாத யாழ்ப்பாணத்தவர் உளரோ? பிள்ளைகள் ஒரே வகுப்பில் அருகருகே இருந்து பயில்வர். பெற்றோர் இழவு வீட்டிற்கும் போகார். இத்தகைய பிணக்கைத் தீர்ப்பதற்குச் சட்டப் புலமையினும் வேண்டற்பாலன பொறுமையும், ஊர் வழக்கறிவும், பழைய உறுதியை வாசிக்கும் ஆற்றலுமாம். பரப்பும் குழியும், வழிவாய்க்காலும் கிணற்றுப்பங்கும், வான்பயிர் தான்பயிர்களும் எழுதப்பட்ட பழைய உறுதியின் தமிழைப் புள்ளியிடாத கையெழுத்திலே வாசித்துப் பொருளுரைக்க வல்லார் இன்று அருகி வருகின்றனர். ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் தபாலதிபரும் எழுதுவினைஞரும் இதற்கு எத்துணைப் பொருத்தமானவர்! அவருட் பலர் மாலை வேளையிலே வீட்டு விறாந்தையில் நாளேட்டை விரித்து வைத்துக்கொண்டு நாடு கெட்டுவிட்டதென்று பெருமூச்செறிகின்றனர். நாடு கெட்டதோ இல்லையோ, சனிக்கிழமை காலை அவர்க்கு ஓய்வாயுள்ளது.

உத்தியோகத்தரும் ஊரவரும் ஒருங்கிருந்தால் விளைவது யாது என்பதற்கு எம் நகரத்து நூலகமே சான்று. 1933 இலே கே. எம். செல்லப்பா என்னும் பெருமகனார் தம் இல்லத்திலே நூல்களை வைத்து அயலவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவர் விடுத்த வேண்டுகோளின் பயனாக 1934 இலே நீதிபதி ஒருவரைத் தலைவராய்க் கொண்டு குழுவொன்று கூடிற்று. ஆசுபத்திரி வீதியில் வாடகை அறையொன்றிலே 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே நகர மன்றம் அதனைப் பொறுப்பேற்றது. 1959 இலே திறக்கப்பட்ட எழிற்கட்டடமும், 1981 இலே அது எரியுண்ட கொடுமையும் யாவரும் அறிந்தன. யாம் இங்கு நினைவூட்ட விழைவது தொடக்கத்தையே. முதற் கதிரை ஊரவர் ஒருவருடையது. நீதிபதியின் கதிரையும் மன்றத்தின் கதிரையும் அதன் பின்னரே அருகில் வந்து சேர்ந்தன.

சங்கங்களினுள் அரசியல் புகுந்துவிட்டது, கண்ணியமானவர் போதல் தகாது என்பர் சிலர். கண்ணியமானவர் போகாமையாற்றான் புகுந்தது என்போம். வேறு சிலர் கூறும் குறை உண்மையுடையது: உத்தியோகத்தருட் சிலர் ஊரவரைக் கூட்டத்துக்கு அழைப்பது தலையாட்டுதற்கே, முன்னமே எழுதிய தீர்மானத்தை வாசித்துக் கைதட்டுப் பெறுதற்கே. அத்தகையோரும் உளர். ஆயினும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பின், வரவுசெலவு என்னவென்று கேட்கும் ஊரவரை எந்த அலுவலகமும் வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. கேட்கும் வகையறிந்து, எழுத்திலே கேட்போர் வேண்டும். அந்த எழுத்தைத்தானே இக்கல்லூரி எமக்குக் கற்பித்தது?

ஆண்கள் கல்லூரி மலரிலே இதனைக் கூறுதல் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம், எனினும் கூறுதும். உள்ளூராட்சி மன்றங்களிலே நாலிலொரு பங்கு இடம் பெண்களுக்கு என்னும் விதி 2018 ஆம் ஆண்டுத் தேர்தலோடு நடைமுறைக்கு வந்தது. அதற்குத் தகுதியுடைய தங்கையரும் மனைவியரும் எம் இல்லங்களிலே உளர். அவரை வேண்டாமென்று தடுப்போர் பெரும்பாலும் எம் பழைய மாணவரே.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் கல்லூரிக்கு வளைவும் மண்டபமும் அமைத்துத் தருகின்றனர், நன்றியுடையோம். ஊரிலிருப்போர் தரவேண்டியது பொருளன்று, சனிக்கிழமைகளே. மாணவர்க்கும் ஒரு சொல். அரசாங்கப் படிவங்களின் தமிழ் வேற்றுமொழியினின்று பெயர்க்கப்பட்டு எமக்கே இருமுறை வாசிக்க வேண்டியதாயிருக்கின்றது. எழுத்தறிவு குன்றிய முதியவர் பாடு என்னாகும்? அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பம் கோரப்பட்டபோது, படிவம் நிரப்பத் துணையின்றித் தடுமாறிய குடும்பங்களை எம் அயலிலே கண்டோம். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் கிராம அலுவலரின் அனுமதியோடு அவர் அலுவலக விறாந்தையில் வாரத்தில் ஒருநாள் அமர்ந்து படிவம் எழுதிக் கொடுப்பின், அது எத்தனையோ பேச்சுப்போட்டிகளுக்கு நிகர்.

மத்தியஸ்தர் பதவிக்கு அரசியற் சார்பற்ற அமைப்புகள் பெயர்களை முன்மொழிய இடமுண்டு. எம் பழைய மாணவர் சங்கம் அத்தகைய அமைப்பே. ஆதலின், வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே, விழாச் செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பின், கிராம அலுவலர் பிரிவு வாரியாக எம் உறுப்பினர் எவரெவர் எவ்வெச் சபையில் இருக்க மனமுடையர் என்று கேட்டுப் பெயர் பதியும் ஓர் ஏட்டைச் செயலாளர் மேசைமேல் வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.