வல்லத்துக் கணிதப் புலவர்

குற்றாலமென்றால் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பரைப் போற்றுகின்றோம். இலஞ்சிக்கு அணித்தான வல்லத்தில் 1901-இல் பிறந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்ற கணிதப் புலவர் சிவசங்கரநாராயண பிள்ளையை மறந்தோம்.

ஒன்றினும் பெரிய வர்க்கம், கனம் முதலிய அடுக்கெண்களுள் 8, 9 மட்டுமே அடுத்தடுத்து நிற்பன. 2002-இல் மிஹைலெஸ்கு இதனை நிறுவினார். பிள்ளையவர்கள் கருத்தோ இதனினும் விரிந்தது: வேறுபாடு எதுவாயினும் அவ்வேறுபாடுடைய இணைகள் முடிவிலவாகா என்பது. 25, 27 போல் வேறுபாடு இரண்டாயினும் அஃது இன்றளவும் நிறுவப்பட்டிலது. 1950-இல் அமெரிக்கக் கணித மாநாட்டிற்குச் செல்லுங்கால் கெய்ரோவுக்கருகே விமான விபத்தில் அவர் மாண்டார்.

இவ்வளவையும் கூறத் தமிழிற் சொற்பஞ்சம் நேர்ந்ததோ? கணிதம் நமக்கன்றென்று ஒதுங்கும் என் வகுப்புத் தோழரே சொல்லட்டும். குறவஞ்சிக்கு இடந்தரும் இத்தமிழ்ப் பகுதியில் அவருக்கும் ஒரு பக்கம் வேண்டும்.