கோபுரத்தைத் தட்டிப் பார்க்க என்ன தயக்கம்?

2023 ஆகஸ்ட் 5 அதிகாலை ஸ்ரீரங்கம் கிழக்குக் கோபுரத்தின் கீழ்நிலையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் யாருக்கும் காயமில்லை. அங்கே விரிசல் இருந்தது ரகசியமும் இல்லை; முட்டுக் கொடுத்து நிறுத்தும் அளவுக்கு ஊரறிந்த விரிசல். இப்படி விழுந்தால் அடுத்து நடப்பதும் ஊரறிந்ததே: பார்வையிடல், மதிப்பீடு, டெண்டர், காரை, வர்ணம். சுவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலைக்கு மட்டும் இந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

‘மயிரிழை விரிசல்தானே’ என்பது திருப்பணி வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் சமாதானம். மயிரிழைதான் ஆபத்து என்று பாறை இயற்பியல் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறது. பாறையின் கனஅளவில் 0.04 சதவீதம் வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். அது உருண்டைத் துளைகளாக இருந்தால், அமுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு சுமார் 0.1 சதவீதம்தான் குறையும். அதே வெற்றிடம், விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே தடிமன் உள்ள உலர்ந்த விரிசல்களாகப் பரவிக் கிடந்தால்? ஓகானலும் புடியான்ஸ்கியும் 1974-இல் தந்த சூத்திரப்படி, விறைப்பில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். வெற்றிடம் ஒன்றே, இழப்பு ஏறக்குறைய முந்நூறு மடங்கு. பாறைக்கான இந்த எண் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால், ஓட்டையின் அளவைவிட அதன் வடிவம் முக்கியம் என்ற பாடம் பொருந்தும். அந்த வடிவத்தைக் கீழே வீதியில் நின்று அண்ணாந்து பார்க்கிற எந்தப் பொறியாளராலும் கணிக்க முடியாது.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். விரிசலில் நீர் நிரம்பினால், அந்த நீரும் அமுக்கத்தை எதிர்க்கும். சுவரைத் தட்டிச் சோதிக்க அனுப்பும் அமுக்க அலை வேகமாக ஓடி, சுவர் திடமாக இருப்பதாகப் பொய் சொல்லும். நீர் சறுக்கு விசையைத் தாங்காது என்பது காஸ்மான் 1951-இல் எழுதிய சமன்பாட்டிலேயே இருக்கிறது. ஆகவே அமுக்க அலை, சறுக்கு அலை இரண்டையும் கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை அளக்க வேண்டும். விரிசல் இல்லாத கருங்கல்லில் ஒலி விநாடிக்கு ஐந்தரை, ஆறு கிலோமீட்டர் ஓடும். சிதைந்த கல்லில் மூன்றுக்கும் கீழே இறங்கும். கான்கிரீட்டை இப்படிச் சோதிக்க 1992-லேயே இந்தியத் தரவிதி வந்துவிட்டது. மேம்பாலத் தூணுக்குக் கிடைக்கும் மரியாதை கோபுரத்துக்குக் கிடையாதா?

‘ஆகமத்தில் இல்லாத கருவி எதற்கு’ என்று சிலர் கிளம்புவார்கள். கல்லைத் தட்டி, எழும் ஓசையில் ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிக்கிற மரபு யாருடையது? உளி பிடிக்கும் முன் ஸ்தபதி காதால் செய்வதைத்தான் கருவி எண்ணாகச் சொல்கிறது. இவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. ‘பழைய கட்டடம், இத்தனை காலம் நின்றதே’ என்பவர்கள் காளஹஸ்திக்குப் போய் வரட்டும். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516-இல் எழுந்த ராஜகோபுரம் 2010 மே 26 அன்று மண்ணாகச் சரிந்தது. அதற்கு முந்தைய நாள் வரை அதுவும் நின்றுகொண்டுதான் இருந்தது. அங்கேயும் விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது.

திருச்சிக்காரர்களுக்கு இன்னொரு வியாதி. மலைக்கோட்டைப் பாறைக்கு 380 கோடி வயது என்று மார்தட்டுவோம். எந்த ஆய்வில் கணித்தார்கள் என்று கேட்க மாட்டோம். அந்தப் பாறையில் விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கேட்டால் ஊரே மௌனம். வயதைச் சொல்லிப் பெருமைப்படலாம்; தாங்குதிறனை அளந்துதான் சொல்ல முடியும்.

ஸ்ரீரங்கத்தில் மட்டும் 21 கோபுரங்கள். 1987-இல் குடமுழுக்குக் கண்ட 236 அடி ராஜகோபுரமும் அதில் ஒன்று. துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, கூப்பிடு தூரம். அறநிலையத் துறை ஒரே ஒரு ஆணை போட்டால் போதும்: அலைச்சோதனைச் சான்று இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தக் கோபுரத்துக்கும் வர்ணம் பூசக் கூடாது, குடமுழுக்குக்கு நாள் குறிக்கக் கூடாது. அதற்குப் பின் இந்த மாநிலத்தில் ஒரு கோபுரமும் சொல்லாமல் விழாது. ஆணை போடாவிட்டால், அடுத்து விழுவதை விபத்து என்று அறிக்கை விடும் உரிமை துறைக்கு இல்லை.